நோன்பும் ஏற்பூசியும்

என் கணவர் மீன்பிடித் தோணிகளைத் திருத்துகிறவர். போன நோன்பில் ஒருநாள், சாய்ந்தமருதுக் கடற்கரையில் கழற்றிப் போட்டிருந்த பலகையொன்றின் துருப்பிடித்த ஆணி அவருடைய குதிக்காலில் ஏறிவிட்டது. காலைக் கடலில் கழுவி, பழைய சாரன் துண்டால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உப்புத் தண்ணீர் பட்டால் எந்தக் கிருமியும் ஓடிவிடும் என்பது அவருடைய மருத்துவம்.

"ரத்தம் வந்தா நோம்பு முறியுமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"அத விடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பூசி போட்டுட்டு வாங்க."

"நோம்போட ஊசியா? நல்லாரிக்கி உன்ட கதை."

நோன்பு திறந்த பிறகு போகலாமே என்றால் இரவுத் தராவீஹ் தொழுகை. தொழுகை முடிந்தால் களைப்பு. விடியுமுன் ஸஹர் சாப்பிட்டால் மறுபடியும் நோன்பு. ஊசிக்கு மட்டும் நேரம் வராதபடி ரமழானை அமைத்திருந்தார்.

பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் எடுத்து, இவர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மருந்து ஊசியால நோம்பு முறியாது தங்கச்சி. போடச் செல்லுங்க."

"அவருக்கு ஆணி குத்தல்லதானே" என்றார் இவர்.

தோணி கவிழ்ந்தும் சிரித்துக்கொண்டே கரையேறிய மனிதர். ஊசிக்குப் பயம் என்று சொன்னால் மானம் போய்விடும். நோன்பு என்று சொன்னால் மரியாதை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஏற்பு என்கிற டெட்டனஸ் வந்தால் முதலில் தாடை இறுகும், பிறகு உடம்பே வில்லாக வளையும். வந்த பிறகு ஊசியைத் தேடிப் பயனில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் மாமி, அதாவது இவருடைய உம்மா, அடுத்த ஒழுங்கையில் தன் மகளோடு இருக்கிறார். மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவரிடம் போய்ச் சொன்னேன். கோள் சொல்லக் கூடாதுதான், அதுவும் நோன்பில்.

மாமி நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பேரீச்சம்பழமும் பள்ளிவாசல் கஞ்சியும் முன்னால் இருக்க, பாங்குக்காகக் காத்திருந்தோம். மாமி மகனின் காலைப் பார்த்தார்.

"உன்ட மூத்த காக்காவும், என்ட தலப்புள்ள, ஏற்பிலதான் போனான். தொப்புள்கொடி வெட்டின கத்தியால வந்த. நல்லாப் பால் குடிச்ச புள்ள, வாய இறுக்கிட்டான். சொட்டுச் சொட்டா ஊத்திப் பார்த்தன். மவுத்தாகும் வரைக்கும் தொறக்கல்ல மகன்."

இவர் காலைச் சாரனுக்குள் இழுத்துக்கொண்டார்.

"அப்படியொரு ஊசி இருக்கெண்டு அப்ப எனக்கு யாரும் செல்லல்ல. உன்ன வயித்தில வச்சிருக்கக்குள்ள நானே தேடிப் போய்ப் போட்ட."

ஒரு பிள்ளை இறந்தது எனக்குத் தெரியும். மாமி வாயால் கேட்டது அன்றுதான். பாங்கு சொன்னதும் இவர் ஒரு பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கஞ்சியைத் தொடாமல் செருப்பைத் தேடினார்.

ஆஸ்பத்திரியில் காயத்தைத் திறந்து கழுவி, ஊசி போட்டு, அடுத்த ஊசிக்கு எப்போது வர வேண்டும் என்றும் சொன்னார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். தாதி "முடிஞ்சி" என்ற பிறகும் ஓதிக்கொண்டிருந்தார்.

மாமிக்கு ஊசி மட்டும் போதவில்லை. பெருநாள் வரை ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்கு வந்து மகனுக்கு எதிரே உட்கார்ந்தார். பாங்கு சொல்லும். மகன் வாயைத் திறந்து பழத்தைக் கடிக்கும் வரை மாமி தன் நோன்பைத் திறக்கவில்லை.