அறிவித்தலில் விடுபட்ட பெயர்

சாவகச்சேரியில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. இடப்பெயர்வுகளுக்கு நடுவே உயர்தர வகுப்பு வரை படித்தார். திருமணமாகி அத்தானோடு நியூசிலாந்தின் ஒக்லாந்து நகருக்கு வந்து, கடைசிவரை கிளென் ஈடனில் வாழ்ந்தார். இவற்றையெல்லாம் இரண்டு பேரிடம் கேட்டு உறுதிப்படுத்தித்தான் எழுதுகிறேன். கேட்காமல் எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது.

அவர் காலமாகி முப்பத்தொரு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன், கதிரை அடுக்கினேன், இப்போது இந்த நினைவு மலருக்கு இதை எழுதுகிறேன்.

அத்தான் பிரிந்து அவுஸ்திரேலியா போனபோது அக்காவுக்கு வயது நாற்பத்தாறு, மகளுக்குப் பத்து. த்ரீ கிங்ஸ் சூப்பர்மார்க்கெட்டில், பேக்கரிப் பகுதியில் பாண் அடுக்கும் வேலை. ஒருநாள், கம்யூனிட்டி கொலிஜில் ஊடகவியலும் தொடர்பாடலும் படிக்கச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

"இந்த வயசில பேப்பர்க்காரியாகப் போறியளோ?" என்று சிரித்தேன்.

"சிரி, சிரி. முதல் பேட்டி உன்னட்டத்தான்."

சொன்னபடியே மவுண்ட் வெல்லிங்டனில் என் வீட்டுக்கு வந்து பேட்டி எடுத்தார். பாடசாலைப் பந்தடிக் குழுவுக்கு நான்தான் கப்டன் என்று அளந்திருந்தேன். பழைய கூட்டாளிகள் இருவரிடம் விசாரித்து அந்த வரியை வெட்டிவிட்டார்.

வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபது வயது. அக்காவின் ஆங்கிலக் கட்டுரைகள் சிவப்பு மையில் குளித்துத் திரும்பும். ஒரு பாடத்தை இரண்டு தரம் படித்துத்தான் சித்தியடைந்தார். ஆனால் அங்கே கற்ற இரண்டு விஷயங்களைக் கடைசிவரை விடவில்லை. எதையும் இருவரிடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். பிழை விட்டால், மறைக்காமல் திருத்தம் போட வேண்டும்.

படிப்பு முடிந்ததும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கினார். குடும்பத்தார் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்க மாட்டார். போன் எடுத்து, "ஒருத்தரையும் விடேல்லையோ?" என்று கேட்பார். கோபித்துக்கொண்டு போன மகன், சொல்லாமல் கலியாணம் கட்டிய மகள் என்று யாராவது ஒருவரை விட்டிருப்பார்கள்.

"எங்கட வீட்டு விஷயத்தில உமக்கென்ன?" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

"அவ உங்கட தங்கச்சியோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ," என்றார் அக்கா.

"சரி, எழுதும்," என்றார் அவர். பிறகு பெயரைச் சொன்னார்.

நோய் வந்தபிறகும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி வானொலிக்குப் போன் எடுத்து, வாசித்தவரின் பிழைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று கிழமையில் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்காவின் அறிவித்தலை நான்தான் எழுதினேன். எட்டு வருடம் எட்டிப் பார்க்காத மனிதருக்கு அதில் இடமில்லை என்று அத்தானின் பெயரை விட்டேன். அப்படியே வாசித்தார்கள். அன்று பின்னேரம் அக்காவின் மகள், என் மருமகள், என்னிடம் வந்தாள். எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. தாயிடம் கேட்டு வளர்ந்த வசனத்தை, தாயின் அதே இழுப்போடு கேட்டாள்.

"மாமா, ஒருத்தரையும் விடேல்லையோ?"

நான் கதிரைகளை அடுக்கப் போனேன்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், ஒவ்வொரு நாளும் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், அந்த நாளைய பாடக் குறிப்புகளோடு வந்து நின்று அழுத அவரது வகுப்புத் தோழர்களுக்கும், இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக, ஒரு திருத்தம். இதை வானொலிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்காவின் அறிவித்தலில் 'தவராசாவின் அன்பு மனைவியும்' என்று இருந்திருக்க வேண்டும். அது தவறுதலாக விடுபட்டதல்ல, நான் வேண்டுமென்றே விட்டது. இறுதிச் சடங்கன்று கடைசி வரிசையில் தனியே நின்றவர் அத்தான்தான். மகள் சொல்லித்தான் வந்திருந்தார்.

'அன்பு' என்ற சொல்லையும் இருவரிடம் கேட்டே எழுதுகிறேன். மருமகளிடம் கேட்டேன். "ஓம்," என்றாள். இரண்டாவது ஆள் நான். "அத்தானுக்கும் ஒருக்காச் சொல்லிவிடு, வந்தால் பாக்கலாம்," என்று ஆஸ்பத்திரியில் அக்கா என்னிடம்தான் முதலில் சொன்னார். நான் சொல்லவில்லை.