அறுக்காமல் விட்ட கம்பி

எங்கள் பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜ் மாமா கம்பி கட்டுபவர். முதுநகரிலிருந்து தினமும் காலை ரயிலில் சிதம்பரம் போகிறார். அங்கே கட்டுகிற லாட்ஜில் அவர் மனைவி ரேகா அக்காவும் சித்தாள். மேஸ்திரி தேவசகாயம், அக்காவின் கூடப்பிறந்த அண்ணன்.

ஒவ்வொரு தளத்திலும் குழாய் இறங்க ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விடுவார்கள். அதை, கான்கிரீட் வார்க்க அடியில் கொடுக்கும் சென்ட்ரிங் பலகை போட்டு மூடுவார்கள். மேல்தளத்துக்குப் பலகை பத்தாவிட்டால் அதையும் எடுத்துவிடுவார்கள்.

போன மாதம் அக்கா பலகைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தபடி ஓரடி எடுத்து வைத்தார். அது ஓட்டையை மூடியிருந்த பலகை. கீழே தரை இல்லை. நல்லவேளை, பலகை ஓட்டைக்குக் குறுக்கே விழுந்தது; அக்கா அதன்மேல் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

"கண்ண எங்க வச்சிக்கினு நடக்குற?" என்று தேவசகாயம் சிரித்தாராம்.

"ஓட்டப் பலகைக்கு ஆணி அடிச்சிடலாம் மச்சான்" என்றார் மாமா.

"அப்புறம் மேல எத வச்சி சென்ட்ரிங் அடிக்கறது? உன் வூட்டுக் கதவயா?"

மாமா வந்து இதைச் சொன்னபோது, வேறு இடம் பாருங்கள் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். மே மாதம் அவர்கள் பெண்ணுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவது? அண்ணனிடம் வேலையை விட்டால் அண்ணனையே விட்ட மாதிரிதான். படிப்பு எனக்குக் கொடுத்த யோசனை, வெளியேறத் தெரிந்தவர்களுக்கானதுதானோ?

அடுத்த தளத்துக்குக் கம்பி கட்டும்போது, ஓட்டை வரும் இடத்தில் எப்போதும் அறுத்துவிடும் கம்பியை மாமா அறுக்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாக ஓட விட்டார். கான்கிரீட் போட்டுப் பலகை பிரித்ததும் ஓட்டையில் கம்பி வலை நின்றது.

"இன்னாய்யா இது, ஜன்னலா?" என்றார் மேஸ்திரி.

"குழாய் வர்ற அன்னிக்கி நானே அறுத்துக் குடுக்கறேன்."

"பொண்டாட்டி மேல பாசம் ஜாஸ்திதான்."

"உன் தங்கச்சி மேல, மச்சான்."

தேவசகாயம் வலையை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். அறுக்கச் சொல்லவில்லை.

ஆனால் கீழ்த்தளங்கள் முன்பே போட்டவை. அங்கே கம்பியை அறுத்தாயிற்று. அக்கா கீழே பலகை எடுக்கும் நாட்களில் மாமா மேலே கம்பி முறுக்கியபடியே "ரேகா" என்று குரல் கொடுக்கிறார். "இருக்கேன்" என்று கீழிருந்து சத்தம் வரும். வரத் தாமதித்தால் கையிலிருக்கும் குறடைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடுகிறார்.

"இதுக்கு எத்தினி தடவ எறங்குவ?" என்று மேஸ்திரி மேலிருந்து கத்துகிறார். மாமா அதற்குள் பாதிப் படி தாண்டியிருப்பார்.