மூன்றாவது தரம்

எங்கள் நகைச்சுவைக் குழுவில் பதினொரு வருடங்கள் நான் பிணமாக நடித்தேன். செத்தவீட்டு நாடகம் ஒன்றுதான் எங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. மேடை நடுவே நீட்டு மர வாங்கில் கிடப்பேன். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றிக் கட்டு. மனைவியாக வேடமிட்ட குழுத்தலைவர் அண்ணை தலைமாட்டில் இருந்து என் குறைகளை ஒப்பாரி வைக்க, சனம் சிரிக்கும்.

குழுவில் ஒரு வழக்கம். திரை மூடியபின் பிணம் தானாக எழும்பக்கூடாது. அண்ணை என் சொந்தப் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவார். மூன்றாவதுக்குத்தான் கண் திறக்கலாம். முன்பு ஒருவர் தானாக எழும்பிக் காய்ச்சலில் விழுந்தார் என்பார்கள். விசாரித்தேன், காய்ச்சல் உண்மை.

பண்டத்தரிப்பில் ஒரு பிற்பகல் ஆட்டத்துக்கு முன், இதுதான் கடைசி என்றேன். முதுகுவலியைக் காரணம் சொன்னேன். உண்மையில், கிடப்பது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. எழும்பும்போதெல்லாம் எரிச்சல் வந்தது.

"நீ போனா ஆர் கிடக்கிறது?" என்றார் அண்ணை.

"ஆரையும் கிடத்துங்கோ."

"கிடக்கிறதுக்கும் ஒரு முகவெட்டு வேணுமடா. உனக்கது பிறவியிலையே வாய்ச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை.

அன்று திரை மூடியதும் ஒரு தரம் கூப்பிட்டார். இரண்டாவது தரமும் கூப்பிட்டார். பிறகு காப்புகளைக் கழற்றும் சத்தம். காலடிகள் விலகின. வெளியே குழுவை ஏற்றிய வான் இரைந்துகொண்டு புறப்பட்டது. நான் கிடந்தேன். கடைசியில் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டு வந்த காவலாளி தும்புத்தடியால் வாங்கைத் தட்டினார்.

"ஐயா, பூட்டப் போறன். எழும்புங்கோ."

எழும்பினேன். ஆனால் அவர் கூப்பிட்டது என் பெயரை அல்ல.

அதன்பின் காலையில் விழிப்பு வந்தாலும் கண்ணைத் திறக்கச் சுணங்கியது. எதற்கோ காத்துக்கொண்டு கிடப்பேன். வீட்டில் யாராவது தேத்தண்ணியோடு வந்து உலுப்ப வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் திருநெல்வேலியில் அவர்களுடைய ஆட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். வாங்கில் ஆளில்லை. வைக்கோல் அடைத்த உருவம் ஒன்று, நான் விட்டுவந்த கட்டம்போட்ட சேட்டில், தாடைக் கட்டோடு கிடந்தது. ஒப்பாரி மாறவில்லை; என்னுடைய குறைகள்தான். அதே இடங்களில் சனம் சிரித்தது. திரை மூடியது. கதிரைகள் இழுபட்டன, பிள்ளைகள் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து அண்ணை என் பெயரைக் கூப்பிட்டார். ஒரே ஒரு தரம்.

கண்ணைத் திறந்தேன். எப்போது மூடினேன் என்று தெரியவில்லை.