முகத்தை நம்பாத ஜெபசிங் அத்தான்

கடியப்பட்டணத்து மீன்காரியிடம் சாளைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அத்தானின் மனைவி விமலா அக்காவின் போன் வந்தது. “அத்தான் போயிட்டாவ மக்கா” என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. ஐயோ, இனி யாரிடம் கேட்பேன் என்றுதான் முதலில் நெஞ்சு அடித்துக்கொண்டது. என் மகள் ஷெரினின் மரபணுச் சோதனை முடிவு அந்த வாரம் வரவேண்டியிருந்தது. அதை அத்தானோடு உட்கார்ந்து பார்ப்பதாகப் பேச்சு.

ஜெபசிங் அத்தான் என் அப்பாவின் அக்காள் மகன். கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர் என்று உங்களுக்குத் தெரியும். அவர் வயிற்றின் கதை உங்களில் பலருக்குத் தெரியாது. எங்கள் தாத்தாவிடமிருந்து இறங்கி வந்த நோய் அது. பெருங்குடலின் உள்சுவரில் இளவயதிலேயே சிறு சிறு சதைமொட்டுகள் முளைக்கும். பாலிப் என்பார்கள் டாக்டர்கள். கவனிக்காமல் விட்டால் என்றாவது ஒன்று புற்றாகும். நோயுள்ளவரின் பிள்ளைகளில் யாருக்கு வரும் என்பது காசைச் சுண்டிப் போடுவது மாதிரி.

எங்கள் பெரியவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுவைத்திருந்தார்கள். முகம்! தாத்தாவின் தடித்த புருவம் எந்தப் பிள்ளைக்கு இருக்கிறதோ அதற்குத் தாத்தாவின் வயிறும் என்று பேச்சு. அத்தான் நோயில்லாத தன் அப்பாவை உரித்துவைத்தவர். அதனால் ‘இவன் தப்பிச்சான்’ என்று ஞானஸ்நானத்தன்றே தீர்ப்பாகிவிட்டது. பின்னாளில் ரத்தம் போனபோது மூலம் என்று நினைத்துக் கருணைக்கிழங்காகத் தின்று தீர்த்தார். குழாய் விட்டுப் பார்த்தால் குடல் நிறைய மொட்டு. பெருங்குடலையே எடுக்க வேண்டியதாயிற்று. தடித்த புருவக்காரி எனக்கும் நோய் இருந்தது, ஆனால் மொட்டுகள் கொஞ்சம்தான். வருஷந்தோறும் பார்த்து எடுத்துவிடுகிறார்கள்.

ஒருமுறை நாங்கள் இருவரும் நாகர்கோவிலில் டாக்டரைப் பார்க்கப் போனோம். மரபணுவில் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து, மொட்டு கூடுமா குறையுமா என்று ஓரளவு சொல்லலாம் என்றார் அவர். அத்தான் விடுவாரா?

“எனக்கும் இவளுக்கும் ஒரே இடத்துல ஒரே பிழை. பொறவு எனக்கு ஏன் குடல் நிறைய, இவளுக்கு ஏன் கொஞ்சமா?”

“நூறு பேரை வச்சு பொதுவா சொல்லலாம் சார். ஒரு ஆளைக் காட்டி உறுதியா சொல்ல முடியாது.”

வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அத்தானால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அங்கும் இங்கும் நடந்தார். “நானும் இதத்தானே வகுப்புல சொல்லுகேன்? சராசரிக்குக் குடல் கெடையாதுட்டி. ஆளுக்குத்தான் குடல் உண்டு. ஆளத்தான் பாக்கணும்.”

அதன் பிறகு மனிதர் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. திருவட்டாறில் உறவுப் பெண் ஒருத்தியின் நிச்சயதார்த்தப் பந்தியில், பெண்ணுக்குப் பரிசோதனை செய்தாயிற்றா என்று சத்தமாகவே கேட்டார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. “மாப்பிள வீட்டுக்காரங்க காதுல விழப்போவுது, வாய மூடும்” என்றார்.

“கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டான்னு ஊரறியக் கேக்கோம். பிள்ளைக்க உயிரப் பத்திக் கேக்கப்பிடாதா?” என்றார் அத்தான்.

அந்த மனிதர் அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. பெண் மட்டும் மறுமாதம் அத்தானோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொண்டாள்.

என்னையும் விடவில்லை. ஷெரினுக்கு அவள் அப்பாவின் முகம். எனக்குள்ளும் அந்தப் பழைய முக நம்பிக்கை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது போலும். “பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் அத்தான், சும்மா உயிர எடுக்காதுங்க” என்று ஒருநாள் கத்திவிட்டேன். அப்போது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். பெருங்குடல் போன பிறகும் சிறுகுடலின் தொடக்கத்தில் மொட்டு முளைத்துப் புற்றாகியிருந்தது. “ஏட்டி, பரீட்சைய மறுபடி எழுதலாம். இது அப்படியா?” என்றார். குரலில் பழைய வீறாப்பு இல்லை, கெஞ்சல் இருந்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. மறுநாளே ஷெரினை அழைத்துப் போய் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கவைத்தேன்.

அவரை அடக்கம் செய்த வாரமே முடிவு வந்தது. பிள்ளைக்கும் இருக்கிறது.

ஷெரின் தானே வாசித்தாள். “அம்மா, எனக்கு ஜெபசிங் பெரியப்பாவ மாதிரி வருமா, ஒன்ன மாதிரியா?” என்று கேட்டாள்.

‘என்ன மாதிரிதான் மக்கா, பயப்படாத’ என்று சொல்ல நாக்குத் துடித்தது. எந்தத் தாய்க்குத் துடிக்காது? ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே அத்தானை அந்தக் கட்டில் வரை கொண்டுபோனோம்!

“தெரியாது மக்கா. பாத்தாத்தான் தெரியும்” என்றேன்.

கோபமாக எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களை வாசலில் வந்து நின்றாள். “திங்கக்கிழமை எனக்குக் குழாய் விட்டுப் பாக்கும்போ நீ உள்ள வருவியா?”

“உள்ள விடமாட்டாவ. கதவுப் பக்கத்துலயே நிப்பேன்.”

அத்தானிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ‘தெரியாது’ ஒன்றைத்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. திங்கட்கிழமை வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.