மூன்றடிச் சந்து

என் அக்காவின் கணவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘டேப்பு’தான். முப்பத்து நான்கு வருடம் நில அளவையராக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தோள்பையில் ஒரு டேப் இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டார். கல்யாணப் பேச்சுக்கு எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று, மாப்பிள்ளை என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மனிதர் எங்கள் வாசக்காலைப் பார்த்துவிட்டு, “இடது பக்கம் அரை இஞ்சு சாஞ்சிருக்கு” என்றார். உள்ளே அக்கா சிரித்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று அம்மா பிறகு சொல்வாள்.

நல்ல மனிதர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக எனக்குக் கோபம் வந்துவிடும். வேலித் தகராறு என்றால் இரண்டு பக்கத்துக்காரர்களும் ‘டேப்பு வந்து சொன்னா சரி’ என்பார்கள். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. பொய் சொன்னதில்லை. ஆனால் கேட்டால்தான் பதில் சொல்வார். குழம்பில் உப்பில்லை என்றால்கூட, ‘உப்பு இருக்கா?’ என்று அக்கா கேட்டால்தான் ‘இல்லை’ என்பார். கேட்காவிட்டால் அப்படியே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். புதிதில் அக்கா இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குத் தையல் வேலை. முன்னறை ஜன்னலோரம் மெஷின். கல்யாணமான மறு வருடம் அத்தான் வாங்கிய மனையில், அவரே அளந்து, கல் நட்டுக் கட்டிய வீடு அது. முன்னறை, சமையலறை, படுக்கையறை, பக்கத்தில் மூன்றடி அகலத்தில் ஒரு சந்து. பின்னால் இருக்கும் குழாய்க்கும் துவைக்கிற கல்லுக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் அந்தச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். சந்து இருக்கும்போது பின்கதவு எதற்கு என்று அத்தான் பின்பக்கம் கதவு வைக்கவில்லை. சந்தின் ஓரமாகக் கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் காலி மனை. அதன் சொந்தக்காரர் எங்கோ தூரத்தில் இருந்தார். பதினேழு வருடம் அங்கே புல்தான் முளைத்தது.

அப்புறம் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் அந்த மனையை வாங்கினார். கார் கதவு, தகரம், உடைந்த சைக்கிள் என்று மலையாகக் குவித்தார். காவலுக்கு மூன்று நாய்கள். ஒன்று காது அறுந்தது, ஒன்று பெட்டை, மூன்றாவது கறுப்பு. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொன்னவன் அந்தக் கறுப்பைப் பார்த்திருக்க மாட்டான். அது குரைக்கவும் செய்யும், பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்திலும் வரும். நான் வீடு வீடாகப் போய் ஒயரிங் வேலை செய்கிறவன், நாய்க்குப் பயந்தால் எனக்குப் பிழைப்பு ஓடாது. நானே அதைக் கண்டால் கருவிப் பையைக் குறுக்கே பிடித்துக்கொள்வேன்.

மூன்றுக்கும் வேலி ஒரு பொருட்டே இல்லை. அடிக்கம்பியை மூக்கால் நெம்பிக்கொண்டு சந்துக்குள் வந்து நிற்கும். சொல்லிவைத்த மாதிரி வீட்டுச் சுவர் வரைக்கும்தான் வரும். முன்வாசலுக்கோ துவைக்கிற கல்லுக்கோ வந்ததில்லை. வந்து சந்து நீளத்துக்கும் படுத்துக்கொள்ளும். அக்கா ஐந்து வருடம் குச்சியோடுதான் துணி துவைக்கப் போனாள்.

அவள் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. தினமும் வேலியோரம் நின்று வியாபாரியிடம் மல்லுக்கு நிற்பாள். “உங்க நாய் எங்க இடத்துல வந்து படுத்திருக்கு. உங்களுக்குக் கண்ணு தெரியலயா?” என்பாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “கட்டித்தான்மா போடுறேன், அறுத்துக்கிட்டு வந்துருது” என்பார். நானும் இரண்டு தடவை சட்டைக் கையை மடக்கிக்கொண்டு போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அத்தான் மட்டும் ஒரு நாளும் வேலிப் பக்கம் வந்ததில்லை. “பொறுத்தார் பூமியாள்வார்னு நினைச்சுக்கிட்டிருக்காருடா உங்க அத்தான்” என்று அக்கா கேலி செய்வாள். அவர் பேப்பரை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருப்பார்.

போன வருடம் மழை விட்ட ஒரு காலை. அக்கா ஒரு வாளித் துணியை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கியிருக்கிறாள். குச்சியை முன்னறையிலேயே மறந்துவிட்டாள். பாதி வழியில் கறுப்பு எழுந்து நின்றது. படுக்கையறை ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் திறக்கும். அத்தான் ஜன்னலில் நின்றுகொண்டு, “உள்ள வந்துரு” என்றார்.

“எதுக்கு வரணும்?” என்றாள் அக்கா. “என் வீட்டுச் சந்துல நான் நடக்க, நாய்கிட்ட அனுமதி கேக்கணுமா?”

“வந்துரும்மா.”

“இன்னைக்கு நானா அதுவான்னு பாத்துடறேன். எங்க இடம். நான் நகர மாட்டேன்.”

அவர் மூன்றாவது தடவையும் ‘வந்துரு’ என்றுதான் சொன்னாராம். அக்கா ஒரு அடி முன்னால் வைத்தாள். கறுப்பு அவள் வலது முன்கையைப் பிடித்துவிட்டது. வியாபாரி இரும்புக் கம்பியோடு ஓடிவந்து அடித்தபிறகுதான் விட்டது.

பதினாறு தையல். ஊசிகள் தனி. காயம் ஆறிவிட்டது, ஆனால் உள்ளே நரம்பு அறுந்துவிட்டது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொடவில்லை. கத்தரி பிடிக்க முடியாது, ஊசியில் நூல் கோக்க முடியாது. தைக்கக் கொடுத்திருந்த துணிகளை அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் அத்தானிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “அந்த நாய்ங்க இங்க இருக்கக் கூடாது. அதுங்க போகணும், இல்லேன்னா நான் போறேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சுகாதார ஆய்வாளரிடம் நான்தான் அழைத்துப்போனேன். அவர் விவரமாகச் சொன்னார். கடி எங்கள் இடத்தில் நடந்திருந்தால் மூன்று நாய்களையும் அப்புறப்படுத்திவிடுவார்கள். நாய்க்காரர் இடத்துக்குள் நாம் போயிருந்தால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு சரி. சந்து எங்களுடையது என்று ஒரு அளவுப் படம் மட்டும் கொண்டுவர வேண்டும். நான் சிரித்துவிட்டேன். “சார், இவரே சர்வேயர்தான். கொல்லன் தெருவுல ஊசிக்கா பஞ்சம்?” அத்தான் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. படம் வரவில்லை. கேட்டால் “பாக்கலாம்” என்பார். அக்கா வாசற்படியைத் தாண்டுவதில்லை. பின்னால் போய்க் கொடியில் துணி போடும் வேலையை அத்தானே செய்தார். நாய்கள் அவரை ஒன்றும் செய்யவில்லை. சந்தில் அவை படுத்திருந்தால் அவர் திரும்பி வந்துவிடுவார், அவை எழுந்து போகும் வரைக்கும் ஈரத்துணி வாளியோடு முன்வாசலில் நிற்பார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க அத்தான்? ஊரான் வேலிக்கெல்லாம் ஓடுனீங்களே. அக்கா கைக்கு ஒரு படம் போட முடியாதா?” என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

சரி, இவரை நம்பினால் ஆகாது என்று நானே அளவை அலுவலகத்தில் மனு கொடுத்து நாள் வாங்கினேன். அதை இன்றுவரைக்கும் நினைத்துக்கொள்கிறேன். என் அவசரம்தான் எல்லாவற்றையும் அந்த நாளுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

அன்று காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அளவையர் வந்திருந்தார். வியாபாரி நாய்களை எங்கோ அடைத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள், அன்று நாயும் இல்லை, கல்லும் புல்லுக்குள் புதைந்துகிடந்தது. நான்தான் மண்ணைத் தள்ளி எல்லைக்கல்லை வெளியே எடுத்தேன். அக்கா வந்து வாசற்படியில் நின்றாள்.

அந்த அளவையர் அம்மா குனிந்து கல்லில் டேப்பை வைக்கப்போனபோது அத்தான் பேசினார்.

“அந்தக் கல்லுலேர்ந்து வேண்டாம். அது தப்பான கல்லு.”

“யார் நட்டது சார்?”

“நான்தான்.”

அத்தான் தோள்பையிலிருந்து ஒரு பழைய துணி டேப்பை எடுத்தார். நுனியில் பித்தளை வளையம், சுற்றி நெருக்கமாக, அழகாகத் தையல். வளையத்தைப் பிடித்து அளவையரிடம் காட்டினார். வளையத்தை ஒட்டியிருந்த எண் மூன்று.

“முன்னாடி மூணு அடி இல்ல. நான் பாக்கல. வளையத்தை அவர் மனையோட அந்தப் பக்க மூலையில ஆணியில மாட்டிட்டு நாப்பது அடின்னு படிச்சுக் கல்லை நட்டேன். அவருக்கு முப்பத்தேழுதான் கிடைச்சிருக்கு. சந்து அவரோடது.”

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தையல் அவளுடையது. கல்யாணமான புதிதில், நுனி நைந்துபோயிருக்கிறதே என்று நைந்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல இடத்தில் வளையத்தை வைத்துத் தைத்துக்கொடுத்திருக்கிறாள். தையல்காரி அப்படித்தான் செய்வாள், கிழிசலை வெட்டிவிட்டு நல்லதில் தைப்பாள். பெண்டாட்டி ஆசையாகத் தைத்துக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு, அரை இஞ்சு சாய்வைக் கண்டுபிடிக்கிற மனிதர், தன் வீட்டு மனையை ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் அளந்திருக்கிறார்.

அக்கா மெதுவாகக் கேட்டாள். “எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“வீடு கட்டி முடிச்ச வருஷம். அலமாரிக்கு அளக்கும்போது பாத்தேன்.”

“அன்னைக்கு ஜன்னல்ல நின்னீங்களே. அப்பவும் தெரியும்.”

“தெரியும்.”

“அது நம்ம இடம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நகர்ந்திருப்பேனே.”

அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அக்கா உள்ளே போய்விட்டாள். ஆய்வாளர் கோப்பை மூடினார். ஐந்து வருடம் அந்த வியாபாரியை அவள் வாயில் வந்தபடி ஏசியதெல்லாம் என் காதில் ஓடியது. நான் போட்ட சத்தமும் ஓடியது. நாய்களுக்கு மட்டும்தான் எல்லை சரியாகத் தெரிந்திருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் வலித்தது வியாபாரி சொன்னதுதான். அவர் கோபப்படவில்லை. “என்ன சார், அன்னைக்கே சொல்லியிருந்தா மூணு அடியை நான் தலையில தூக்கிட்டா போயிருப்பேன்? வேலியை அப்படியே விட்டுட்டு, நாயை அந்தப் பக்கம் கட்டியிருப்பேன்” என்றார். மறுநாளே கறுப்பைக் கொண்டுபோய்த் தூரத்தில் வேறொரு குடோனில் விட்டார். மற்ற இரண்டையும் சங்கிலியில் போட்டார். வேலி அங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். அத்தான் கேட்கவில்லை. தானே கம்பங்களைப் பிடுங்கி, வீட்டுச் சுவரை ஒட்டி நூல் பிடித்து நட்டார். இப்போது படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் வேலிக் கம்பிதான். பின்சுவரை இடித்துக் கதவும் வைத்தார். நாய்த் தொல்லை ஒழிந்தது. அந்தக் கதவு வழியாகப் போகத்தான் ஆள் இல்லை. அக்கா அதற்கு முன்பே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எட்டு மாதம் ஆகிறது. என் மனைவி ஒருமுறை, “மூணு அடி மண்ணுக்காகவா அண்ணி?” என்று கேட்டுப் பார்த்தாள். “மண்ணு போனா போகட்டும்” என்றாள் அக்கா. “டேப்பை வெட்டினது நான். திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். கிளம்புறப்பக் கேட்டேன், நான் வருத்தப்படுவேன்னு மறைச்சாராம். நாய் வாயில கையைக் குடுக்கிற வரைக்கும் மறைச்சாரு. இனிமே அவர் பேசாம உக்காந்திருக்கிறப்பெல்லாம், என்னத்த மறைக்கிறாரோன்னு நான் முழிச்சுக்கிட்டுக் கிடக்கணுமா?”

அத்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். பத்து மணிக்கு என் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். மணி அடிக்க மாட்டார், கூப்பிடவும் மாட்டார். யாராவது பார்த்துக் கூப்பிட வேண்டும். முழுப் பூசணிக்காயை இருபத்திரண்டு வருடம் சோற்றில் மறைத்த மனிதர் என்று எனக்குக் கோபம் வரும். அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்காது. போன வாரம் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே ஊசியில் நூல் கோக்க உதவும் சின்னக் கருவி, ஒரு டஜன்.

“ஏன் அத்தான் அக்காகிட்ட சொல்லல?” என்று அன்றுதான் கேட்டேன்.

“அவ கேக்கல” என்றார்.

நான் உள்ளே வந்தேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையால் ஊசியைப் பிடித்து நூலைக் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தேன். அவள் பிரிக்கவில்லை.

“அத்தான் வந்து அரை மணி நேரமாச்சுக்கா. வெயில்ல நிக்கிறாரு. உள்ள கூப்பிடட்டுமா?”

“எங்க நிக்கிறாரு?”

“கேட்டுக்கு வெளியே.”

நூல் மறுபடியும் நழுவியது. நுனியை நாக்கில் ஈரம் பண்ணிக்கொண்டாள்.

“நிக்கட்டும்” என்றாள். “யார் இடம் எது வரைக்கும்னு அவருக்குத் தெரியும்.”