திரையில் கேட்ட என் வீட்டுக்காரர் குரல்

துறைமுகத்துப் பக்கம் எங்கள் தெருச் சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் செல்போன் வகுப்பு நடக்கும். அன்று சொல்லிக்கொடுக்க வந்தவன், வாட்ஸ்அப்பை விளக்குவதற்காக என் போனை வாங்கிப் பெரிய திரையில் இணைத்தான். என்னைக் கேட்காமலே, சவுதியிலிருந்து என் கணவர் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜை அழுத்திவிட்டான்.

"ஏளா, எனக்கு வேலை போயிட்டு. ஊர்ல யார்ட்டயும் சொல்லிராத." அவர் அழுகையும் ஸ்பீக்கரில் கேட்டது.

"பாத்தீங்களா, எவ்வளவு கிளியரா கேக்கு!" என்று சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஓர் அக்கா எழுந்துபோய் வயரைப் பிடுங்கினாள். "ஏலே, இப்ப உன் போனை இங்கன மாட்டு. உன் பொண்டாட்டி பேசுனதை நாங்களும் கேப்போம்."

மேசைமேல் கிடந்த தன் போனைச் சட்டென்று எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். இன்று நினைத்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை. தன்னுடையதை மறைக்க மட்டும் அவனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.