சிங்கப்பூர் மாப்பிள்ளை வேண்டாம்

மலேசியாவின் தங்காக் ஊரில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் நிற்கும் ஷாமளாவுக்கு, இளவயதில் மதிவாணன் என்றால் உயிர். கடைக்குச் சரக்கு லாரி ஓட்டி வந்தவன். பேச்சும் சிரிப்புமாக வளர்ந்து, பெண் கேட்கும் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது.

"அங்க போனவங்க யாரும் திரும்பி வரமாட்டாங்க. எனக்கு வேணாம்" என்றாள் ஷாமளா.

"யாரு வரல? சொல்லு."

"எங்க அக்கா வீட்டுக்காரரு. அப்புறம், பக்கத்து வீட்டு விஜயன் அண்ணன்."

"ரெண்டு பேரு. அவ்வளவுதானே?"

"போதும்லா. அக்கா அழுதத நான்தானே பார்த்தேன்."

வாரக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வந்து, பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்துப் போகிறவர்கள் அவள் கடையிலேயே எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர்கூட அன்று அவள் நினைவுக்கு வரவில்லை. ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தவனுக்காக எந்த வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்பதில்லை அல்லவா?

மதிவாணன் போனான். மாதங்கள் கழிந்தும் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. 'நான் நினைத்தது சரிதான்' என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அதன்பிறகு வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தாள். ஏன் என்று அக்கா கேட்டால், கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவாள்.

வருடங்கள் பல ஓடி, போன தீபாவளிக்கு முன்பு, நரைத்த மீசையோடு மதிவாணன் கடைக்குள் வந்தார். மனைவிக்குச் சேலை வேண்டுமாம்.

"எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள் ஷாமளா.

"நான் எங்க போனேன்? வாரா வாரம் வந்துகிட்டுத்தான் இருக்கேன். சனிக்கிழமை காலையில பசார் சாப்பாட்டுக் கடையிலதான் பசியாறுவேன்."

"இந்தப் பக்கம் வரவே இல்லையே?"

"நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க. அப்புறம் எந்த முகத்தோட வர்றது?"

ஷாமளா அலமாரிப் பக்கம் திரும்பி, மடிப்புக் கலையாத சேலைகளைச் சரிசெய்தாள்.

"வீட்டுல அவங்க என்ன நிறம்?"

"உங்கள மாதிரிதான். மாநிறம்."

அரக்கு நிறத்தில் ஒன்றை உருவித் தன் தோளில் போட்டுக் காட்டினாள். அவர் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, இதையே கட்டிக் கொடுங்க" என்றார்.

அவர் மனதில் தான் இன்னும் இருப்பதாக நினைக்க அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பசார் சந்தைக்குப் போனாள். அவர் இருந்தார், மனைவியோடு. தன் தட்டிலிருந்த முட்டையை மனைவியின் தட்டுக்கு மாற்றிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்.

மீன் வாங்குகிறவள்போல ஓரமாக நின்று, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பார்த்தாள் ஷாமளா. பிறகு வீட்டுக்கு நடந்தாள்.